பாய்லர் அறையில் தொடங்குங்கள்

அவைத்தலைவர் அவர்களே, பொறியாளர் நண்பர்களே, வணக்கம்.

ஒரு மாநகராட்சி தன் கரியமில வாயுவைக் குறைக்கப்போவதாக அறிவித்தால், எந்த ஊரானாலும் அடுத்து நடப்பது மேயர் மின்சாரக் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான். நிலவறையில் கிடந்து கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரோடு யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. நியூயார்க் நகர நிர்வாகத்தின் கணக்கைப் பாருங்கள். 4,000 கட்டடங்கள், ஏறத்தாழ 30,000 வாகனங்கள். அமெரிக்க மாநகராட்சிகளில் இதைவிடப் பெரிய வாகனப் படை எதற்கும் இல்லை. அப்படியிருந்தும் நிர்வாகம் வெளியிடும் வாயுவில் வாகனங்களின் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். பெரும்பகுதி கட்டடங்களிலிருந்து வருகிறது.

2019-இல் அந்நகரம் சட்டம் 97-ஐ நிறைவேற்றியது. பெரிய தனியார் கட்டடங்கள் கரியமில வாயு வரம்பை மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். தனக்கென்று நகரம் வகுத்துக்கொண்டது இன்னும் கடுமையான இலக்கு: 2006 அளவிலிருந்து 2025 நிதியாண்டுக்குள் 40 விழுக்காடு, 2030-க்குள் 50 விழுக்காடு குறைக்க வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் தன் வீட்டைப் பார்க்கும் நிர்வாகம் அபூர்வம், அதற்காகவே பாராட்டலாம்.

அங்கே பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் வெப்பம் எப்படி வருகிறது? நிலவறையில் எண்ணெயோ எரிவாயுவோ எரிந்து தண்ணீர் ஆவியாகிறது. ஆவி இரும்புக் குழாயில் ஏறி, வகுப்பறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகிறது. ஒரு மாடியில் பிள்ளைகள் குளிரில் நடுங்க, இன்னொரு மாடியில் புழுக்கம் தாங்காமல் ஜனவரி மாதத்திலும் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சூடு தெருவுக்குப் போகிறது. 2022-இல் நகரம் 400 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஏற்கெனவே இருக்கும் 100 பள்ளிகளை 2030-க்குள் மின்சார வெப்பத்துக்கு மாற்றுவது அதன் முக்கியப் பகுதி. இதற்குப் பயன்படும் வெப்ப பம்ப் என்ற கருவி சூட்டை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவருகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. பாய்லர் கோடையில் பழுதாவதில்லை. கடும் குளிரில்தான் படுத்துவிடும். அன்று காலை பள்ளி திறந்தாக வேண்டும். மாற்றுக்கான வரைபடமும், கூடுதல் மின் இணைப்புக்கான அனுமதியும் தயாராக இல்லையென்றால் ஒப்பந்தக்காரர் பழையதைப் போன்ற இன்னொன்றையே கொண்டுவந்து வைப்பார். அது இன்னும் முப்பது ஆண்டு எரியும். ஆகவே எந்தக் கட்டடத்தின் பாய்லருக்கு எந்த ஆண்டு ஆயுள் முடிகிறது என்ற பதிவேடுதான் உண்மையான திட்டம். இலக்கு ஆண்டைப் பொன்னெழுத்தில் அச்சடித்த புத்தகத்தைத் திட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாகனங்களுக்கு வருகிறேன். கார்களை மாற்றுவது எளிது, விட்டுவிடுவோம். சிக்கல் குப்பை லாரியில். நியூயார்க்கில் பனி கொட்டினால் அதே லாரியின் முகப்பில் இரும்புத் தகட்டை மாட்டிச் சாலையைச் சுத்தம் செய்கிறார்கள். மின்சார லாரி குப்பையை நன்றாகவே அள்ளியது. பனியைத் தள்ள விட்டபோது நான்கு மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்தது. தேவையோ பன்னிரண்டு மணி நேரம். அதிகாரிகள் இதை மறைக்காமல் வெளியே சொன்னார்கள். நகர வாகனங்களை மின்சாரத்துக்கு மாற்றச் சொல்லும் வேறொரு சட்டம் கனரக வண்டிகளுக்கு 2038 வரை அவகாசம் தருகிறது. இடைக்காலத்துக்கு, பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுக்கும் டீசலுக்கு 2024-இல் மாறினார்கள். அந்த எண்ணெய் எல்லா ஊருக்கும் போதுமா என்பது என் சந்தேகம்.

கடைசியாக மின்சாரம். 2021 ஏப்ரலில் இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையத்தை மூடியபின் நகரத்தின் மின்சாரம் எரிவாயுவை முன்னைவிட அதிகமாக நம்பியிருக்கிறது. பள்ளியில் அணைத்த நெருப்பு மின் நிலையத்தில் எரிந்தால் பாதி ஆதாயம் போய்விடும். இதற்காகத்தான் கனடாவின் கியூபெக் மாகாணத்து நீர்மின்சாரத்தை ஏரிக்கும் ஆற்றுக்கும் நிலத்துக்கும் அடியில் சுமார் 540 கிலோமீட்டர் கேபிள் வழியே 1,250 மெகாவாட் கொண்டுவரும் திட்டத்தில் நகர நிர்வாகமே வாங்குபவராகக் கையெழுத்திட்டது. கட்டடத் துறையும் வாகனத் துறையும் போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு கேபிளைச் சார்ந்துதான் நிற்கிறது.