சரிவு ஏன் வீடியோல தட்டையாத் தெரியுது?

வணக்கம் மக்களே! சத்தம் சரியா கேக்குதா? பின்னால டிராக்டர் போகுது, செம்பனைக் குலை ஏத்திக்கிட்டு. கொஞ்சம் இருங்க... ஆ, போயிருச்சு.

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துச் செம்மண் ரோடு. மவுண்டன் பைக், அதான் மலைச் சைக்கிள்ல இறங்குறதை எப்படி எடுக்கிறதுன்னு பாப்போம். இந்த இறக்கத்துல நேர்ல நின்னா கால் கூசும். ஹெல்மெட்டுல கேமராவை மாட்டி எடுத்துப் பாத்தா பாடாங் மாதிரி, அதான் திடல் மாதிரி, சமமாக் கிடக்கும். கோளாறு வைட் லென்ஸ்லதான், அகலமாக் காட்டுற லென்ஸ். தூரத்துல இருக்கிறதை எல்லாம் சின்னதாக்கித் தள்ளிடும். சாய்வை ஒப்பிட்டுப் பாக்க நேர்கோடும் பிரேம்ல இருக்காது. அதே கேமராவை நெஞ்சுல மாட்டுங்க. ஹேண்டில்பாரும் மடங்குற முழங்கையும் உள்ள வரும், வேகம் தெரியும்.

சரிவே தெரியணுமா, பக்கவாட்டுல நில்லுங்க. இந்த மரத்தைப் பாருங்க, தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேரா நிக்குது. போன்ல கிரிட் கோட்டைப் போட்டு, மரத்தை அந்தக் கோட்டுக்குச் சேருங்க. ரோடு தானா சாயும். பலரும் ரோட்டுக்குச் சமமா போனைச் சாய்ச்சுடறாங்க, அங்கதான் சரிவு காணாமப் போகுது. இல்லன்னா கீழ இறங்கி, தள்ளி நின்னு 2 மடங்கு, 3 மடங்கு லென்ஸ்ல மேல பாத்து எடுங்க. ரோடு சுவர் மாதிரி எழும்பி நிக்கும்.

இதெல்லாம் கத்துக்க நல்ல வீடியோ பாக்கணும். யூடியூப்ல ‘பெஸ்ட்’னு போட்டுத் தேடினா விழுற கிளிப்பாத்தான் கொட்டும். இங்கிலீஷ்ல ‘ரா’ (raw)ங்கிற சொல்லைச் சேர்த்துத் தேடுங்க, பாட்டு இல்லாம டயர் சத்தத்தோட இருக்கிறது வரும். நம்ம பக்கத்து டிரெயில் வேணும்னா ஊர் பேரோட எம்டிபின்னு (MTB, மவுண்டன் பைக்கோட சுருக்கம்) போடுங்க.

சைக்கிள் சாகசக்காரர் டேனி மெக்காஸ்கில் 2014-ல ஸ்காட்லாந்தோட ஸ்கை தீவுல, கூலின் மலை முகட்டுல ஓட்டின வீடியோ இருக்கே, ‘தி ரிட்ஜ்’, அதை முதல் தடவை ரசிச்சுட்டு, ரெண்டாவது தடவை சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க. ஆள் எறும்பு மாதிரி, மலை பிரேம் முழுக்க. நம்ம பசங்க ஆளைத்தான் பெருசாக் காட்டுறாங்க, மலை எங்க போச்சு? கம்ப்யூட்டர்ல வீடியோவை நிறுத்திட்டு, முற்றுப்புள்ளிக் கீயை அழுத்தினா ஒவ்வொரு பிரேமா முன்னால போகும், காற்புள்ளிக்குப் பின்னால. எந்த இடத்துல வெட்டினாங்கன்னு அதுல புடிபடும். போட்டோவுக்கு, பிங்க்பைக்ங்கிற மலைச் சைக்கிள் தளத்துல தினம் ஒண்ணு தேர்ந்தெடுத்துப் போடுறாங்க. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு மட்டும் பாத்துட்டு வாங்க.

இப்போ பேனிங், அதாவது ஓட்டுறவரோட சேர்ந்தே கேமராவைத் திருப்பிப் போட்டோ எடுக்கிறது. செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டருக்கு ஒண்ணா முக்கோணமா நட்டிருக்காங்க. பின்னால மரம் கோடு கோடாக் கலங்கி ஓட, இதைவிட நல்ல திரை கிடையாது. போனோட ப்ரோ மோடுல ஷட்டர் 1/30 செகண்ட்ல இருந்து 1/60. கால் ரெண்டையும் அகட்டி, ஓட்டுறவர் உங்களுக்கு நேரா வர்ற இடத்துக்குப் பாதம், முழங்கையை விலாவுல ஒட்டி, இடுப்பைத் திருப்பணும். அழுத்தினப்புறமும் திரும்புறதை நிறுத்தாதீங்க. பத்துல எட்டு பாழாகும், அது கணக்குலயே கிடையாது. குதிக்கிறதை உறைய வைக்கணும்னா 1/1000. ஆனா ஓலைக்கு அடியில இருட்டு, ஒளியுணர்வைக் கூட்டுற ஐஎஸ்ஓவை 3200 வரைக்கும் ஏத்த வேண்டியிருக்கும், போன்ல புள்ளி புள்ளியா வரும். வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கிறதால எக்ஸ்போஷரை, அதான் வெளிச்ச அளவை, லாக் பண்ணிடுங்க, இல்லன்னா வீடியோ மின்னி மின்னி அடங்கும்.

நேரம் முக்கியம். பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் செங்குத்தா ஏறும், மஞ்சள் வெளிச்சம் சீக்கிரம் தீர்ந்துடும். ஏழே காலுக்கு விடியுது, எட்டரைக்குள்ள முடிச்சுக்குங்க. முதல்ல தோட்ட ஆபீஸ்ல கேட்டுட்டு உள்ள போங்க. வெட்டிப் போட்ட மட்டை மேல ஏத்தாதீங்க, முள்ளு டியூபைக் குத்திடும்.

மேல தம்பி தயாரா நிக்கிறான். 1/30-ல இருந்தே ஆரம்பிக்கிறேன். வா தம்பி, பிரேக்கை விடு!