ஜெயிக்காத ஏப்ரல்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேச அழைப்பு வந்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஒரு வானொலிக்காரர்தான். பாப் ரிவர்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் '98 ராக்' நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். 1988 ஏப்ரல் மாதம். ஊர் பேஸ்பால் அணியான ஓரியோல்ஸ் ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தது. அணி ஒரு ஆட்டமாவது ஜெயிக்கும்வரை மைக்கை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் ரிவர்ஸ். பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அது ஓடி முடிவதற்குள் கொஞ்சம் கண்ணயர்ந்து, மறுபடி எழுந்து பேசுவார். ராத்திரி, பகல் என்றில்லாமல் 258 மணி நேரம் இப்படியே போயிற்று. கிட்டத்தட்ட பதினோரு நாள்.

அந்த அணியின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பேஸ்பால் தெரியாதவர்களும் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். அது அன்றாடம் ஆடுகிற ஆட்டம். ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள். கிரிக்கெட்டில் ஒரு தொடரைத் தோற்றால் வீட்டுக்குப் போய் ஆறப்போடலாம். இங்கே நேற்றுத் தோற்றவன் இன்று சாயங்காலம் அதே உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கியாகவேண்டும். பேஸ்பால்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: எவ்வளவு மோசமான அணியும் 54 ஆட்டம் ஜெயிக்கும், எவ்வளவு நல்ல அணியும் 54 ஆட்டம் தோற்கும், மிச்சமிருக்கும் 54-ல் என்ன செய்கிறாய் என்பதுதான் சங்கதி. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

ஓரியோல்ஸ் ஏதோ சவலை அணி என்று எண்ணிவிடவேண்டாம். 1966, 1970, 1983 என்று மூன்று முறை உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பையை, வென்ற அணி. தன் கிளை அணிகளில் சின்னப் பையன்களை எடுத்து, பந்தைப் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே முறையில் பழக்கி மேலே கொண்டுவருவார்கள். அந்தப் பயிற்சிக்கு 'ஓரியோல்ஸ் வழி' என்றே பெயர் இருந்தது. 1983-க்குப் பிறகு அந்த நாற்றங்கால் வறண்டது. வெளியிலிருந்து பெயர்பெற்ற ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கினார்கள். அப்படி வாங்கினால் புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளில் சிலவற்றை விட்டுக்கொடுக்கவேண்டும் என்பது அன்றைய விதி. வந்தவர்களுக்கு வயது ஏறியது, கீழிருந்து வரவேண்டியவர்கள் வரவில்லை. 1987-ல் 95 தோல்வி. என் கணக்கில் 1988-ன் தோல்விகள் அந்த ஏப்ரலில் தொடங்கியவை அல்ல, நான்கைந்து வருஷத்துக்கு முன்பே விதைத்தவை.

அணியின் மேனேஜர் கால் ரிப்கன் சீனியர். பேஸ்பாலில் மேனேஜர் என்றால் பயிற்சியாளர், ஆட்டத்தை நடத்துபவர் எல்லாம் அவர்தான். 1957-ல் கிளை அணி ஒன்றில் கேட்சராக, நம் விக்கெட் கீப்பர் மாதிரி, சேர்ந்தவர். அப்புறம் ஊர் ஊராகச் சின்ன அணிகளைப் பழக்கியவர். நான் சொன்னேனே, ஓரியோல்ஸ் வழி, அதைப் பையன்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர். முப்பது வருஷம் காத்திருந்து 1987-ல்தான் முதன்மை அணி அவர் கைக்கு வந்தது. அணியில் அவருடைய பிள்ளைகள் இருவர் ஆடினார்கள். மூத்தவர் கால் ரிப்கன் ஜூனியர், ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நின்று பந்தைத் தடுப்பவர். இளையவர் பில்லி, பக்கத்திலேயே இரண்டாவது பேஸில். அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக்கில், இரண்டு மகன்களை ஒரே சமயத்தில் ஒரே அணியில் வைத்து நடத்திய அப்பா அதற்குமுன் யாருமில்லை.

1988 ஏப்ரல் 4, முதல் ஆட்டம். சொந்த ஊர், நிறைந்த அரங்கம். மில்வாக்கி அணி 12–0 என்று அடித்துப் போட்டது. அடுத்த ஐந்தும் தோல்வி. ஆறாவது தோல்விக்குப் பிறகு, ஏப்ரல் 12-ஆம் தேதி, ரிப்கன் சீனியரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கும் இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 162-ல் ஆறு! முப்பது வருஷ உழைப்புக்கு ஆறு ஆட்டம்தான் தவணை. அதைவிட என்னை உறுத்துவது அந்தப் பிள்ளைகளின் நிலைமை. அப்பாவை அனுப்பிய அதே அணிக்காக அவர்கள் தொடர்ந்து களமிறங்கவேண்டும். இறங்கினார்கள். அப்பா போட்டிருந்த சட்டை எண் 7. பில்லி தன்னுடைய 3-ஐ விட்டுவிட்டு அந்த 7-ஐ எடுத்துப் போட்டுக்கொண்டார். வேறெவர் முதுகிலும் அந்த எண் ஏறுவதை அவர் விரும்பவில்லை.

புது மேனேஜராக வந்தவர் ஃபிராங்க் ராபின்சன். 1966-ல் அதே ஓரியோல்ஸை உலகத் தொடர் வெற்றிக்குக் கொண்டுபோன மாபெரும் ஆட்டக்காரர், மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேனேஜரும் அவரே. அவர் வந்தும் தோல்வி நிற்கவில்லை. 13 தோல்வியோடு சீசனைத் தொடங்கியதுதான் அதுவரை இருந்த மோசமான பதிவு. அதைத் தாண்டியாயிற்று. கிளீவ்லாந்துடன் ஓர் ஆட்டம், ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டியது, 11-ஆவது இன்னிங்ஸ் வரை போய் 1–0 என்று கை நழுவியது. வேறு நாட்களில் பந்து வீசுகிறவர் அடி வாங்கினார். நிச்சயம் அடிப்பார்கள் என்று நம்பிய கால் ரிப்கன் ஜூனியருக்கும் எடி மரேவுக்கும் மட்டையில் பந்து படவில்லை. நாடு முழுக்கச் செய்தியாளர்கள் வந்து குவிந்தார்கள். அதிபர் ரேகன் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும் என்றாராம். இல்லை, உங்களுக்குத் தெரியாது என்று ராபின்சன் மரியாதையாகவே பதில் சொன்னாராம். அந்தப் பதிலில் உண்மை இருந்தது. தினம் ராத்திரி தோற்று, தினம் மத்தியானம் மறுபடி மைதானத்துக்குப் போகிறவனுக்குத்தான் அது தெரியும்.

ஏப்ரல் 28, மினசோட்டாவில் 21-ஆவது தோல்வி.

மறுநாள் சிகாகோவில் ஒயிட் சாக்ஸ் அணியோடு ஆட்டம். முதல் இன்னிங்ஸிலேயே எடி மரே ஹோம் ரன் அடித்தார், கிரிக்கெட் சிக்ஸர் போல வேலிக்கு வெளியே பந்தை அனுப்பும் அடி. கால் ரிப்கன் நான்கு முறை அடித்து ஓடினார், அதில் ஒன்று ஹோம் ரன். 9–0. முடிந்தது. பால்டிமோரில் பாப் ரிவர்ஸ் எழுந்து வீட்டுக்குப் போனார்.

எனக்கு அந்த வெற்றியைவிட அதற்கடுத்து நடந்ததுதான் பெரிது. அதைச் சொல்ல நான்கு வருஷம் பின்னால் போகவேண்டும். பால்டிமோருக்குக் கோல்ட்ஸ் என்று ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி இருந்தது. 1984 மார்ச் மாதம், பனி கொட்டிய ஒரு ராத்திரியில், சாமான்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது. ஊர் விடிந்து பார்த்தால் அணி இல்லை. அந்தக் காயம் ஆறவேயில்லை. ஓரியோல்ஸின் உரிமையாளர் எட்வர்ட் பென்னட் வில்லியம்ஸோ வாஷிங்டனில் புகழ்பெற்ற வழக்கறிஞர். இவரும் ஒரு நாள் பேஸ்பால் அணியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார் என்ற பயம் வீட்டுக்கு வீடு இருந்தது.

சிகாகோவில் மிச்சமிருந்த இரண்டு ஆட்டத்தையும் தோற்று, 1 வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கோடு அணி ஊர் திரும்பியது. மே 2, திங்கட்கிழமை ராத்திரி. மெமோரியல் ஸ்டேடியத்துக்கு 50,402 பேர் வந்திருந்தார்கள். ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த அணியைப் பார்க்க! அந்த ராத்திரிதான் வில்லியம்ஸும் மேரிலாந்து ஆளுநர் வில்லியம் டொனால்ட் ஷேஃபரும் அறிவித்தார்கள்: அணி இங்கேயே இருக்கும், புது மைதானம் வரும், பதினைந்து வருஷ ஒப்பந்தம். வில்லியம்ஸுக்கு அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது. ஆகஸ்டில் காலமானார். அவர் ஒப்புக்கொண்ட மைதானம் 1992-ல் கேம்டன் யார்ட்ஸ் என்று திறந்தது. பழைய செங்கல் கிடங்கை இடிக்காமல் பக்கத்தில் வைத்துக் கட்டிய அழகான மைதானம். அதற்கப்புறம் அமெரிக்காவில் கட்டிய பல மைதானங்கள் அதைப் பார்த்துத்தான் எழுந்தன.

அந்தச் சீசனின் மிச்சத்தை அதிகம் சொல்வதற்கில்லை. தோல்விகள் 107, ஓர் ஆட்டம் நடக்கவேயில்லை. வெற்றிகள் எத்தனை தெரியுமா? 54. எந்த மோசமான அணிக்கும் கிடைக்கும் என்றார்களே, சரியாக அது மட்டும். ஆனால் ஜூலையில் இரண்டு காரியம் நடந்தது. கால் ரிப்கன் ஜூனியர் இன்னும் மூன்று வருஷத்துக்கு அங்கேயே இருப்பதாகக் கையெழுத்திட்டார். வேறு ஊருக்குப் போக அவருக்கு நல்ல காரணம் இருந்தது, அதை நாம் பார்த்தோம். பந்துவீச்சாளர் மைக் போடிக்கரை பாஸ்டனுக்குக் கொடுத்து பிரேடி ஆண்டர்சன், கர்ட் ஷில்லிங் என்ற இரண்டு இளைஞர்களை வாங்கினார்கள். நாற்றங்காலில் மறுபடி தண்ணீர் பாயத் தொடங்கியது.

ஒரு விஷயம் இங்கே சொல்லவேண்டும். 1988-ல் ஓரியோல்ஸுக்கு முதல் வெற்றி கிடைத்தது ஒயிட் சாக்ஸிடம் என்றேன். அதே ஒயிட் சாக்ஸ் 2024 ஜூலை, ஆகஸ்டில் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்று, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் ஓரியோல்ஸின் பதிவைச் சமன் செய்தது. அந்த வருஷம் மொத்தம் 121 தோல்வி. 1900-க்குப் பிறகு எந்த மேஜர் லீக் அணியும் ஒரே சீசனில் அத்தனை தோற்றதில்லை. அங்கேயும் மேனேஜரை நடுவில் அனுப்பினார்கள். சிகாகோவின் தெற்குப் பகுதியில் இருக்கும் அந்த ரசிகர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

1989-ல் ஓரியோல்ஸ் 87 ஆட்டம் வென்றது. பெரும்பாலும் இளைஞர்கள். 'ஏன் முடியாது?' என்பதுதான் அந்த வருஷம் ஊரின் கோஷம். கடைசி வார இறுதியில் டொரொண்டோவுக்குப் போனபோது முதலிடத்துக்கு ஒரே ஆட்டம் பின்னால் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோற்றார்கள், சனிக்கிழமையும் தோற்றார்கள். கோப்பை கைக்கு வரவில்லை.

அந்த வருஷம் ஓரியோல்ஸுக்காக, ஓடுகிறவர் 'வீடு' என்ற முடிவிடத்துக்குத் திரும்புமுன் கடைசியாகத் தொடும் மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில், ஓடி வருகிறவர்களுக்கு 'நில்', 'போ' என்று கைகாட்டும் பயிற்சியாளர் இடத்தில் நரைத்த தலையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கால் ரிப்கன் சீனியர். திரும்பக் கூப்பிட்டார்கள், வந்துவிட்டார். பில்லி மூன்றாவது பேஸுக்கு ஓடி வரும்போதெல்லாம் தன் பழைய 7-ஆம் எண் சட்டை தன்னைக் கடந்து வீடு நோக்கிப் போவதை அவர் அங்கே நின்று பார்த்திருப்பார்.

நன்றி, வணக்கம்.