ஏணிக்கால் பதிந்த இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டு மலையில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் விருப்பமுள்ள பிள்ளைகள் நூலக அறைக்கு வந்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்து கதை படிப்போம், எழுதவும் செய்வோம். இரண்டு வருடமாக அந்த அறையில் 'இன்னொண்ணு படிங்க டீச்சர்' என்று கேட்டு வாங்குவது ஒரே வகைக் கதைதான். தங்கள் வயதுப் பையனோ பெண்ணோ ஒற்றராகப் போய், ஆபத்தில் மாட்டி, மீண்டு வருகிற சிறுகதை. அந்தக் கதைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட வெளியே கொட்ட மாட்டார்கள். அதில் வெள்ளித்தூள் கிடக்கும், சேர்த்து வைத்து விற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து சலங்கை மணிகளை அளவு பார்த்துப் பிரிப்பது என் வேலை. வியாபாரிகள் வருவார்கள், பேரம் பேசுவார்கள், கடன் சொல்லுவார்கள், யார் யாரை ஏமாற்றினார் என்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வார்கள். நான் அங்கே இருப்பது அவர்கள் கண்ணில் படவே படாது. பத்து வயதில், அந்தத் தெருவில் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. யாரும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. குழந்தை உட்கார்ந்திருக்கிற இடத்தைக் காலி இடம் என்று நினைத்துக்கொண்டு பெரியவர்கள் பேசுவார்கள். சிறுவர் ஒற்றர் கதை மொத்தமும் நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்.

ஆனால் நான் சிறுமியாக இருந்தபோது படித்த ஒற்றர்கள் எல்லோரும் பெரியவர்கள். முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியபோது முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். பல கை மாறி, அட்டை கிழிந்து, எங்கள் தெருவுக்கு அந்தப் புத்தகங்கள் வந்து சேரும். அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால். எங்கள் ஊரிலேயே டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. ஜெய்சங்கரைத் துப்பறிபவராக வைத்து அவர்கள் எடுத்த படங்களைப் பற்றி அப்பா சலிக்காமல் சொல்லுவார். அந்த நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. பேருந்தில் அதைத் தாண்டும்போதெல்லாம் அப்பா நினைவு வரும். அந்தக் கதைகளில் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. யாராவது கடத்திக்கொண்டு போவார்கள், கதாநாயகன் வந்து காப்பாற்றுவார். அது எனக்கு அந்த வயதிலேயே வருத்தமாக இருந்தது.

ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்தவன் அலெக்ஸ் ரைடர் என்கிற பையன். ஆந்தனி ஹோரோவிட்ஸ் 2000-ல் முதல் நாவலை எழுதினார். அலெக்ஸுக்கு அதில் 14 வயது. பெற்றோர் இல்லை. வளர்த்த உறவினரும் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டனின் உளவுத்துறை அவனைத் தன் வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. 2019-ல் அவனைப் பற்றிய சிறுகதைகள் தொகுப்பாக வந்தன. என் பிள்ளைகளுக்கு அதில் சிலவற்றை வாய்மொழியாகத் தமிழில் சொல்லியிருக்கிறேன். அவனுக்குத் துப்பாக்கி தர மாட்டார்கள். யோயோ, முகப்பரு களிம்பு, வீடியோ கேம் பெட்டி என்று ஒரு பையனின் பையில் இருக்கக்கூடிய பொருள்களைத்தான் கருவிகளாக மாற்றித் தருவார்கள். களிம்பு இரும்பைக் கரைக்கும் என்றதும் பாயில் இருந்த எல்லோரும் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

ஆனால் என் மனதைப் பிடித்தது வேறொன்று. அந்தப் பையன் ஆசைப்பட்டு ஒற்றனாகவில்லை. மறுத்தால் உனக்கு வேண்டியவர்களுக்கு இப்படி ஆகும், அப்படி ஆகும் என்று பெரியவர்கள் நெருக்கியதால் போகிறான். சாகசத்துக்கு அடியில் அந்தக் கோபம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த வகைக் கதையைத் தமிழில் எழுத வருகிற பலர் களிம்பையும் யோயோவையும் எடுத்துக்கொள்கிறார்கள், அந்தக் கோபத்தை விட்டுவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இந்தக் கதைக்கு வேர் நம் மண்ணிலும் இருக்கிறது. கிப்ளிங் 1901-ல் எழுதிய 'கிம்' நாவலில் லாகூர்த் தெருவில் திரிகிற அநாதைப் பையன் ஒற்றனாகப் பழகுகிறான். சிம்லாவில் ஒரு கடைக்காரர் அவனுக்குப் பயிற்சி தருகிறார். தட்டு நிறையக் கற்களைக் காட்டி, மூடி, என்ன பார்த்தாய் என்று கேட்பார். முதல் ஆட்டத்தில் அவனைவிடச் சின்னப் பையன் ஒருவனிடம் கிம் தோற்றுப்போவான். அந்தக் கதைக்குப் பின்னால் உண்மையான மனிதர்கள் இருந்தார்கள். இமயமலையைச் சேர்ந்த நைன் சிங், பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறைக்காக ரகசியமாக அளந்து வர, 1865-ல் யாத்ரீகர் வேடத்தில் திபெத்துக்குப் புறப்பட்டார். ஜெபமாலையில் 108 மணி இருக்க வேண்டும். அவர் மாலையில் 100 மணிதான். நூறு காலடி நடந்தால் ஒரு மணியைத் தள்ளுவார். கையில் சுழற்றுகிற பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் அளவைக் குறிப்புகள் இருந்தன. இதைச் சொன்ன வாரம் என் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் அடி எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

அந்தத் தட்டு விளையாட்டை நாங்களும் விளையாடிப் பார்த்தோம். எவர்சில்வர் தட்டில் பதினைந்து பொருள். கொலுசுத் திருகாணி, பேருந்துப் பயணச்சீட்டு, ஜவ்வரிசி பத்து மணி, ஆரஞ்சுத் தோல், காப்பிக்கொட்டை நான்கு, இப்படி. துண்டை எடுத்து ஒரு நிமிடம் காட்டினேன், மூடினேன். எல்லோரும் எழுதினார்கள். பதின்மூன்று, பதினான்கு என்று நன்றாகவே வந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண், அதிகம் பேசாதவள், பதினொன்றுதான் எழுதியிருந்தாள். அவள் அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவர். அவள் தாளில் ஒரு வரி இப்படி இருந்தது: 'காப்பிக்கொட்டை நாலு. மூணு தட்டை, ஒண்ணு உருண்டை.'

துண்டை எடுத்துப் பார்த்தேன். சரிதான். காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டி இருப்பதால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். எப்போதாவது ஒரு பழத்தில் ஒரே கொட்டை மட்டும் விளையும், அது உருண்டையாக இருக்கும். காப்பித்தூள் கடையில் பீபெரி என்று தனி விலை சொல்வார்களே, அதுதான். தட்டில் அதைப் போட்டது நான். போடும்போது எனக்கே தெரியவில்லை.

வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒற்றர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு குறளில் சொல்லும்போது 'கடாஅ உருவொடு கண்ணஞ்சாது' என்கிறார். பார்ப்பவருக்குச் சந்தேகம் வராத உருவம். யாராவது முறைத்துப் பார்த்தால் அஞ்சாத கண். அந்த உருவம் குழந்தைக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அந்தக் கண்ணைத்தான் கதையில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சிறுகதைதான் சரியான அளவு என்று நினைக்கிறேன். நாவல் என்றால் வெடிக்க வேண்டும், விமானத்திலிருந்து குதிக்க வேண்டும். சிறுகதையில் ஒரு மணி நேரம் போதும். ஒரு வாசற்படி, ஒரு பேருந்துப் பயணம், ஒரு பார்வை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழி உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஒன்று, குப்பனூர் வழியாக வருவது மற்றொன்று. ஒரே ஆளை ஒரே காலையில் இரண்டு வழியிலும் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னால், கதை அங்கே ஆரம்பித்துவிடுகிறது.

உண்மையிலேயே அந்த வயதில் ஒற்றராக இருந்த தமிழ்ப்பெண் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரஸ்வதி ராஜாமணி. ரங்கூனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் தன் நகைகளை நேதாஜியின் படைக்குக் கொடுத்தார். அப்புறம் இந்திய தேசிய ராணுவத்தின் ஒற்றர் பிரிவில் சேர்ந்து, முடியை வெட்டி, மணி என்ற பெயரில் பையனாக வேடம் போட்டு, பிரிட்டிஷ் அதிகாரிகள் இருந்த இடங்களில் எடுபிடி வேலை பார்த்தார். பிடிபட்ட தோழியை மீட்கப் போய்க் காலில் குண்டு பட்டதாகவும், மரத்தின் மேல் ஒளிந்திருந்து தப்பியதாகவும் பின்னாளில் அவர் சொன்னார். சென்னையில் எளிய வாழ்க்கை வாழ்ந்து 2018-ல் மறைந்தார். இவரைப் பற்றிச் சொன்ன அன்று அறையில் யாரும் எழுந்திருக்கவில்லை. 'கால் சரியாயிடுச்சா டீச்சர்?' என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கால் சற்று இழுத்தபடிதான் நடந்தார், ஆனால் அந்தக் காயத்தைப் பெருமையாகவே நினைத்தார் என்று சொன்னேன். அவர் தானாக முடிவெடுத்துப் போனவர். எதற்காக ஒற்று பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அலெக்ஸுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நான் அதை எடுத்துச் சொல்லுமுன்பே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

காப்பிக்கொட்டையைக் கவனித்த அந்தப் பெண் அடுத்த மாதம் ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாள். நோட்டில் ஆறு பக்கம். அவள் அனுமதியோடு சொல்கிறேன். கதாநாயகி பெயர் காவேரி, வயது பதினான்கு. தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியிலிருந்து ராத்திரியில் யாரோ மிளகு பறித்துக்கொண்டு போகிறார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் காவேரியைக் கூப்பிடுகிறார். 'நம்ம ஆளுங்கள்ல யாருன்னு பார்த்துச் சொல்லு கண்ணு, நோட்டுப் புஸ்தகம் எல்லாம் நான் வாங்கித் தரேன்.' அவளும் சரி என்கிறாள்.

காவேரி மரத்தடியில் ஈர மண்ணைப் பார்க்கிறாள். அவர்கள் ஊர்க்காரர்கள் மிளகு பறிக்க ஒற்றை மூங்கிலைத்தான் ஏணியாக வைப்பார்கள், கணுவுக்குக் கணு கால் வைக்க இடம் விட்டு வெட்டியது. அது மண்ணில் ஒரு குழிதான் பதிக்கும். இங்கே இரண்டு குழி, சதுரமாக. டவுனிலிருந்து வந்த இரும்பு ஏணி. அவளுக்கு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அறுந்து தொங்கிய ஒரு கொடியை, பறித்தவர்களில் யாரோ திரும்பவும் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். களவாட வந்தவனுக்குக் கொடி மேல் என்ன அக்கறை? முடிச்சைப் பார்க்கிறாள். அந்த முடிச்சு அவள் மாமா போடுகிற முடிச்சு.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். 'டீச்சர், அவ ரைட்டர்கிட்ட சொல்லணுமா?'

முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. மாமாவுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டேன். கதையில் அது இல்லை என்றாள். ரைட்டர் தப்பானவரா என்று கேட்டேன். அவரும் இல்லை, அவர் வேலையைப் பார்க்கிறார் என்றாள். நீயே யோசி கண்ணு, அடுத்த சனிக்கிழமை வா என்று அனுப்பிவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருந்தது. பொய் சொல்லாதே என்று சொல்லித்தருகிற நான், அந்தப் பெண் உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்று பதறிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முதல் ஆளாக வந்தாள். ஒன்றரைப் பக்கம் சேர்த்திருந்தாள். காவேரி ரைட்டரிடம் 'ஏணி வெளியூர் ஏணிங்க' என்று மட்டும் சொல்கிறாள். நோட்டுப் புஸ்தகத்தை வாங்கிக்கொள்ளவில்லை. இருட்டின பிறகு மாமா வீட்டுக்குப் போகிறாள். மாமா திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். அவள் எதிரில் உட்காருகிறாள். எதையும் கேட்கவில்லை. மாமா அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்க்கிறார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் மாமா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, 'எத்தனை குழி பார்த்தே?' என்று கேட்கிறார்.

கதை அங்கே நிற்கிறது. அடுத்து என்ன என்று பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்கள். அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நன்றி, வணக்கம்.