யூரியாலஸ் கப்பல்ல அடைச்சு வச்ச பசங்க

வணக்கம் நேயர்களே. நாடு கடத்தல்னாலே கைதிங்க போய்ச் சேர்ந்த தீவ பத்தி தான் பேசுறோம், கப்பல் கெளம்புற வரைக்கும் அவங்கள எங்க வச்சிருந்தாங்கன்னு யாரும் கேக்குறதில்ல. இங்கிலாந்துல அவங்கள பழைய போர்க்கப்பல்ல வச்சிருந்தாங்க. பாய்மரத்த எல்லாம் கழட்டிட்டு, தேம்ஸ் ஆத்துல நங்கூரம் போட்டு நிறுத்தின வெறும் கூடு.

அமெரிக்கால போர் வந்ததும் அங்க கைதிய அனுப்ப முடியல, ஜெயில்ல இடம் இல்ல, அதனால 1776ல தற்காலிகமா ரெண்டு வருஷத்துக்குன்னு சட்டம் போட்டாங்க, அந்த ரெண்டு வருஷம் 1857 வரைக்கும் நீண்டுச்சு. முதல் இருபது வருஷத்துல கிட்டத்தட்ட 6,000 பேர் உள்ள போனாங்க, அதுல ரெண்டாயிரம் பேர் கிட்ட உயிரோட வெளிய வரல. பகல்ல கால்ல விலங்கோட கரைக்கு கூட்டிட்டு போய் சேறு அள்ள விடுவாங்க, தப்பு பண்ணா சாட்டை, இல்ல இன்னும் கனமான விலங்கு, இல்ல கப்பலோட அடித்தட்டுல வெளிச்சமே படாத அறைல ரொட்டியும் தண்ணியும் மட்டும்.

ஆனா நான் இன்னைக்கு பேச வந்தது பசங்கள பத்தி. யூரியாலஸ்னு ஒரு கப்பல், 1805 டிரஃபால்கர் போர்ல இருந்தது, அந்த போர்ல பிரிட்டிஷ் கடற்படை தளபதி நெல்சன் செத்த செய்திய, அவருக்கு அடுத்த தளபதி காலிங்வுட் லெட்டரா எழுதினதே இந்த கப்பல்ல தான். இருபது வருஷம் கழிச்சு அதே கப்பல இங்கிலாந்துல சாத்தம்ங்கற ஊர்ல நிறுத்தி பையனுங்களுக்கு ஜெயிலா ஆக்கிட்டாங்க. ஒன்பது பத்து வயசு பசங்க கூட இருந்தாங்க, என் பேரனுக்கு இப்ப அந்த வயசு தான். சில்லறை திருட்டுக்கெல்லாம் அங்க போட்டாங்க. பகல் பூரா வாயத் திறக்காம கைதிங்களுக்கு துணி தைக்கணும், ராத்திரி கதவ பூட்டிட்டு காவலர் மேல போயிடுவாங்க, அப்புறம் உள்ள பெரிய பையனுங்க ராஜ்யம், சின்னவனோட சாப்பாட்ட பிடுங்கிக்குவாங்க, குடுக்கலன்னா அடி.

1835ல பிரிட்டிஷ் பார்லிமென்டோட மேல்சபையான பிரபுக்கள் சபை கமிட்டி முன்னாடி ஒரு கைதி சாட்சி சொன்னார். ஆஸ்பத்திரி கப்பல்ல நோயாளிங்கள பாத்துக்கிட்டவர் அவர். கை உடைஞ்சு வர்ற பசங்கள பத்தி சொல்றார், தானா விழுந்து உடைஞ்சது இல்லைங்க அது, பெஞ்சு மேல கைய நீட்டி வச்சுகிட்டு இன்னொரு பையன விட்டு மேஜை விளிம்ப அது மேல போட சொல்லியிருக்காங்க. செப்பு பட்டன சூடு பண்ணி தோல்ல வச்சு, அந்த புண்ணு ஆறாம இருக்க சோப்பு தேய்ச்சிருக்காங்க. எதுக்கு? ஆஸ்பத்திரிக்கு போனா அடி இல்ல, சாப்பாட்ட யாரும் பிடுங்க மாட்டாங்க, அவ்ளோ தான். ஒரு பத்து வயசு பையன் தன் கைய தானே நீட்டிட்டு, போடுறான்னு கண்ண மூடிகிட்டு இருந்திருப்பானே, அந்த நிமிஷத்த என்னால தாண்டிப் போக முடியல. எந்த நீதிபதியும் எழுதாத தண்டனை இது, தீர்ப்புல இருந்தது நாடு கடத்தல் மட்டும் தான்.

சின்ன பையனாச்சேன்னு இரக்கப்பட்டு நீதிபதி இந்த கப்பலுக்கு அனுப்பினார்னு பேப்பர்ல படிச்சா, அது என் புள்ளையா இருந்தா அங்க போறத விட என் காலடில செத்துக் கிடக்கிறதயே பாத்துக்குவேன்னு நினைப்பேன்னும் அந்த சாட்சி சொல்லியிருக்கார். கமிட்டி கேட்டுச்சு, எல்லாம் பதிவாச்சு.

யூரியாலஸ்ல இருந்து பசங்கள வெளிய எடுத்து அத மூடினது 1843ல.