குற்றம் செய்தால் வக்கீல் உண்டு, வீடு போனால்?

தமிழ் நிகழ்ச்சி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்க நாட்டுச் சட்டத்தின் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒருவன் கடையில் திருடிப் பிடிபடுகிறான், கையில் காசில்லை. வக்கீல் இல்லாமல் விசாரித்தால் அவனுக்குப் பெரிய அநீதி நேரும் என்றால், அரசாங்கமே தன் செலவில் ஒருவரை அமர்த்த வேண்டும். அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுத்த வீட்டில் எந்தக் குற்றமும் செய்யாத ஒரு விதவைக்கு, வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வருகிறது. நீதிமன்றத்துக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. கூட யார் வருவார்கள் என்று சொல்லவில்லை. சிவில் வழக்கில் அரசாங்கமே வக்கீல் தரும் என்ற உறுதி குழந்தைகளுக்கு மட்டும் 28ஆம் பிரிவில் இருக்கிறது. ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் தரும் அரசு அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா சிவில் வழக்குகளையும் எடுக்கிறது. ஆனால் அதன் வேலையில் பெரும்பகுதி குற்ற வழக்குகளே.

சிவில் வழக்குதானே, சிறைக்கா போகப்போகிறோம் என்று நம்மவர்கள் அலட்சியமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2004இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைக் கேளுங்கள். வேலையில்லாத இரண்டு பெண்கள். ஒருவர் 250 ராண்ட் கடன் வாங்கியவர். மற்றவர் கடனுக்குக் காய்கறி வாங்கியவர், அதன் மதிப்பு 190 ராண்ட். இந்தச் சில்லறைக் கடன்களுக்காக இருவருடைய வீடும் ஏலத்தில் போனது. ஒரு நீதிபதிகூடக் கோப்பைத் திறந்து பார்க்காமலே போனது. அப்படி விற்கக் கூடாது, வீட்டை விற்பதற்கு முன் நீதிமன்றம் பார்த்தாக வேண்டும் என்று அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் விதி வந்தது. கூலியில் பிடித்தம் செய்யும் கார்னிஷி உத்தரவுகளும் அப்படித்தான். அலுவலக எழுத்தர் முத்திரை குத்தினால் போதும் என்றிருந்த வழக்கத்தை 2016இல் முறித்தது ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட உதவி மையம் தொடுத்த வழக்கு.

இனி நம் வீட்டு விஷயம். டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனை கல்யாணங்கள் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்திருக்கின்றன! ஐயர் திருமண அதிகாரியாகப் பதிவு பெற்றவரா என்று யாரும் கேட்பதில்லை; சாப்பாட்டில் வடை போதுமா என்றுதான் கேட்போம். பதிவில்லாத அந்தத் திருமணத்தைச் சட்டம் தானாக ஏற்பதில்லை. கணவர் உயில் எழுதாமல் கண்மூடிய பிறகுதான் இது தெரியவருகிறது. டர்பன் உயர் நீதிமன்றத்துக்கு 2008இல் அப்படி ஒரு பெண் வந்தார். பிள்ளைகள் இல்லை. சொத்து கணவரின் பெற்றோருக்கே என்று பேச்சு. இந்து முறைப்படி மணந்தவளும் மனைவிதான், அவளும் வாரிசுதான் என்று நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பு இருப்பது தெரியாமலே மைத்துனர்களின் பேச்சுக்கு அஞ்சி மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறுகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அக்கா, தங்கச்சி, யாராவது போகச் சொன்னால் எழுந்து போய்விடாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது.

தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடுகளும் ஏராளம். தாத்தா போனார், அப்பா போனார், பத்திரம் அலமாரியிலேயே இருக்கிறது. சொத்து 250,000 ராண்டுக்குள் அடங்கினால் இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகம், அதைப் பிரித்துக் கொடுக்க எளிய முறையில் அதிகாரக் கடிதம் கொடுத்துவிடும். (இன்றைக்கு அந்த விலைக்கு வீடு எங்கே கிடைக்கிறது?) அதற்கு மேல் போனால் பெரும்பாலும் வக்கீல் வைத்தாக வேண்டும். ஏழைக் குடும்பம் அங்கேதான் நின்றுவிடுகிறது.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கவலை தருவது சம்மன் தாள்தான். நீதிமன்றத் தாள்களைக் கொண்டுவரும் ஷெரீஃப் வந்து கொடுத்துவிட்டுப் போவார். வீட்டிலுள்ளவர்கள் அதை மடித்துச் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். மகன் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்பார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சம்மன் என்றால், வழக்கை எதிர்க்கிறேன் என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு இருப்பது பத்து நாள், அதுவும் நீதிமன்ற வேலை நாள். அது கடந்தால் ஒருதலைத் தீர்ப்பு. அதன் பிறகு எந்த இலவச வக்கீலிடம் போனாலும் பாதி வேலை தீர்ப்பை நீக்குவதிலேயே போகும்.

எல்லாவற்றுக்கும் வக்கீல் தேவை என்றும் நினைக்காதீர்கள். ஜீவனாம்சத்துக்கும், வீட்டு வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவுக்கும் நீங்களே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். 20,000 ராண்ட் வரையிலான சிறுவழக்கு நீதிமன்றத்தில் எந்தத் தரப்புக்காகவும் வக்கீல் வாதாட முடியாது. படிவம் நிரப்பித் தருகிறேன் என்று வாசலில் நின்று பணம் கேட்பவரைத் தாண்டி உள்ளே போங்கள். படிவத்துக்குக் காசில்லை.

வக்கீல் வேண்டிய வழக்கு என்றால் லீகல் எய்டின் கட்டணமில்லாத் தொலைபேசி 0800 110 110. எண்ணை மறுபடி சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்: 0800 110 110. வருமானத்தைக் கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள். டர்பனில் குவாஸூலு-நேட்டால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையமும் இருக்கிறது. அடையாள அட்டை, வந்த தாள், அது கைக்கு வந்த தேதி, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். தேதியை அந்தத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.