சுவரை உடைக்கும் மருந்தும் சவ்வைத் துளைக்கும் மருந்தும்

(மதுரை மாவட்டம் மேலூர் அருகே ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை, சற்றே சுருக்கப்பட்ட எழுத்து வடிவில்.)

அவையோருக்கு வணக்கம். கிருமியைக் கொல்வது பெரிய காரியமே அல்ல. வெந்நீர் கொல்லும், பினாயில் கொல்லும். கிருமி குடியிருக்கும் ஆளை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்வதில்தான் சிக்கல். அதற்கு, நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று அதனிடம் இருக்க வேண்டும். பாக்டீரியாவிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அதுதான் சுவர்.

நம் உடலின் செல்லைச் சுற்றி இருப்பது மெல்லிய கொழுப்புச் சவ்வு மட்டுமே. பாக்டீரியாவுக்கும் சவ்வு உண்டு. அதற்கு வெளியே சுவரும் உண்டு. உள்ளே உப்பும் புரதமும் செறிந்து கிடப்பதால் வெளியிலுள்ள நீர் ஓயாமல் உள்ளே புகப் பார்க்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமியில் அந்த அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 20 மடங்கு. சுவர் இல்லையென்றால் வெடித்துவிடும். இரண்டு வகைச் சர்க்கரைகளை மாற்றி மாற்றிக் கோத்த நீளமான சரடுகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகள் என்று வலையாகப் பின்னிய சுவர் அது. பெப்டிடோகிளைக்கான் என்று பெயர். பெயரை மறந்துவிடலாம், வலையை மறக்க வேண்டாம்.

பெனிசிலின் அந்த வலையை என்ன செய்கிறது என்பதற்கு மதுரைக்காரர்களிடம் நான் தனியாக ஓர் உவமை தேட வேண்டியதில்லை. ஆவணி மூலத்துக்குப் புட்டுத்தோப்பு போய் வருகிறவர்கள் நீங்கள். வைகை கரையை உடைத்துக்கொண்டது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் கட்டளை. புட்டு விற்கும் வந்திக்கு ஆள் இல்லை. உதிர்ந்த புட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு சொக்கநாதரே கூலியாளாக வந்தார். புட்டைத் தின்றார், ஆடினார், பாடினார், படுத்துத் தூங்கினார். ஊரார் பங்கெல்லாம் அடைபட்டது, வந்தியின் பங்கு மட்டும் திறந்தே கிடந்தது.

பாக்டீரியாவின் சுவரிலும் எந்நேரமும் கரை வேலைதான். கிருமி வளர வேண்டுமானால் பழைய வலையை ஆங்காங்கே வெட்டி, புதுச் சரட்டைச் செருகி, மீண்டும் முடிச்சுப் போட வேண்டும். வெட்ட ஒரு நொதி, முடிச்சுப் போட இன்னொரு நொதி. முடிச்சுப் போடும் நொதி, டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும் நுனியைத் தேடிப் பிடிக்கும். பெனிசிலின் அந்த நுனியின் சாயலில் இருக்கிறது. நொதி ஏமாந்து அதைப் பிடித்ததும் பெனிசிலினின் நடுவிலுள்ள நான்கு அணு வளையம் திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான், கூலியாள் புட்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். வெட்டும் நொதிக்கு இந்தச் சேதி தெரியாது, அது தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருக்கிறது. வலை இளைக்கிறது, நீர் புகுகிறது, கிருமி வெடிக்கிறது. இந்தச் சாயல் விளக்கத்தை டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்ற இருவர் முன்வைத்தது 1965-ல். அதற்குள் இருபது ஆண்டுகளாக உலகம் அந்த மருந்தால் பிழைத்துக்கொண்டிருந்தது!

கதையில் அரசன் அடித்த பிரம்படி எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. பெனிசிலினின் அடி நம் செல்லின் மேல் விழுவதில்லை, ஏனென்றால் நமக்குச் சுவரே இல்லை. சிலருக்கு வரும் ஒவ்வாமை வேறு கணக்கு. அது சிலருக்கு உயிராபத்தாகவும் முடியும், முன்பு வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தாமாகவே விளங்கும். சுவர் இல்லாததன்மேல் இந்த மருந்து செல்லாது. சளிக்காய்ச்சல் வைரஸுக்குச் சுவர் கிடையாது. மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாதான், ஆனால் அதற்கும் சுவர் கிடையாது. அவற்றுக்குப் பெனிசிலின் வகையான அமாக்சிசிலின் விழுங்குவது வீண். அடுத்தது, கரை வேலை நடக்கும்போதுதான் உடைப்பு வரும். வளராமல் சும்மா கிடக்கும் கிருமியைப் பெனிசிலின் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்கள்" என்று கடையில் கேட்கிறோமே, அந்தப் பொட்டலத்தில் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும் மருந்தும் சுவரை உடைக்கும் மருந்தும் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றதன் காலை வாரிவிடக்கூடும்.

எந்தக் கிருமிக்கு எப்படிப்பட்ட சுவர் என்று கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாய முறை இன்றும் எல்லா ஆய்வகங்களிலும் நடக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் சுணையோ கதிரோ கண்ணில் பட்டு, கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்து வருகிறவரை எடுத்துக்கொள்வோம். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்ப்பார்கள். கிரிஸ்டல் வயலட், அயோடின், பிறகு சில விநாடிகள் ஆல்கஹால், கடைசியாகச் செஞ்சாயம். சுவர் தடித்த கிருமி ஊதாவாகவே நிற்கும். சுவர் மெலிந்து, அதற்கு வெளியே இன்னொரு சவ்வும் போர்த்திய கிருமி ஆல்கஹாலில் ஊதாவை இழந்து சிவப்பாகும். நுண்ணோக்கியில் ஊதா நிறத்தில் இரண்டிரண்டாக, முனை சற்றுக் கூர்ந்து தெரிந்தால் அநேகமாக நிமோகாக்கஸ். தகட்டில் கிளைவிட்ட நூல் நூலாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா அல்ல, பூஞ்சை.

நம் பக்கத்தில் பூஞ்சை அரிதான விருந்தாளி அல்ல. 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூவரில் ஏறக்குறைய இருவருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதி. பூஞ்சையின் சுவர் வேறு சரக்கால் ஆனது, பெனிசிலின் வகைகள் அதைத் தொடா. ஆகவே அங்கே சவ்வைத்தான் குறிவைக்க வேண்டும். நம் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. நாட்டமைசின் சொட்டு மருந்து அந்த எர்கோஸ்டிராலைப் பிடித்துக்கொள்கிறது. புதிய வோரிகோனசோலா பழைய நாட்டமைசினா என்று 323 நோயாளிகளிடம் ஒப்பிட்ட சோதனை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்தது, மதுரையும் அதில் ஓர் இடம். 2013-ல் முடிவு வந்தது. பழையதே வென்றது, அதிலும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் கண் சொட்டு மருந்தைக் கடன் வாங்கி விடுகிறவர்களுக்கு இதற்குமேல் நான் என்ன சொல்வது?

இனி சிவப்புக் கிருமிகளுக்கு வருவோம். வெளிச் சவ்வு போர்த்திய ஈ.கோலை, கிளெப்சியெல்லா வகை. பழைய பெனிசிலினால் அந்தப் போர்வையை எளிதில் கடக்க முடியாது. ஆம்பிசிலின், செஃபலோஸ்போரின்கள், கார்பாபீனெம்கள் என்று வரிசையாக வந்தவை அதிலுள்ள துளைகள் வழியே நுழையத் தெரிந்தவை. கிருமியும் சும்மா இருக்கவில்லை. நான்கு அணு வளையத்தை வெட்டிப்போடும் நொதியை 1940-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுவிட்டார்கள், மருந்து ஊருக்குள் வருவதற்கு முன்பே. 1945 நோபல் உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்காரர் ஒருவர் தாமாகப் பெனிசிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டுக்கொள்கிறார். பழகிப்போன கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு மருந்து பலிக்கவில்லை, இறந்துவிடுகிறார். கணவர் பிழைத்துக்கொள்கிறார் என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு உறைப்பது.

2008-ல் டெல்லி வந்துபோன ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் கார்பாபீனெமையும் வெட்டும் நொதி தெரிந்தது, என்டிஎம்-1. 2010-ல் வந்த ஆய்வில் சென்னைக் கிருமிகளிலும் அது இருந்தது. அப்படிப்பட்ட கிருமி இரத்தத்தில் இருந்தால் மருத்துவர் கைநீட்டும் மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். அது சவ்வைத் தாக்கும் மருந்து. நேர்மின்னேற்றம் கொண்டது, எதிர்மின்னேற்றம் கொண்ட வெளிச் சவ்வில் போய் ஒட்டி, அதைக் கட்டிவைத்திருக்கும் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் தள்ளிவிட்டு, கொழுப்பு வாலை உள்ளே செருகிக் கிழிக்கிறது. சுவர் நமக்கு இல்லை, சவ்வு நமக்கு உண்டு. சிறுநீரகம் பட்டுப்போகிறது என்பதால் ஒருகாலத்தில் ஓரங்கட்டிய மருந்தை, சாதுவான மருந்துகளையெல்லாம் தீர்த்துவிட்டு இப்போது தூசு தட்டி எடுத்திருக்கிறோம். கோழி, மீன் வளர்ப்பில் அதைப் பயன்படுத்த 2019-ல் இந்திய அரசு தடை விதித்தது. நல்ல காரியம், பத்து ஆண்டுகள் முன்னதாக வந்திருக்கலாம்.

பேசி முடித்ததும் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், "ஐயா, நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார்களே?" என்றார். நியாயமான கேள்வி. செஃபலோஸ்போரின் வகையான செஃபிக்ஸிம் உள்ளிட்ட பல மருந்துகள் 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன, சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது, பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்த கடைக்கும் அதே சட்டம்தான், அதைக் கேட்க வேண்டிய அதிகாரிகள் கேட்க வேண்டும் என்றேன். கூட்டம் சிரித்தது.

பின் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். தம் மாமியார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது கோலிஸ்டின் ஏற்றினார்களாம். தினமும் இரத்தம் எடுத்துக் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பார்த்ததும் சிறுநீரை அளந்து எழுதியதும் எதற்கு, பணம் பறிக்கவா என்று கேட்டார். இல்லை அம்மா. சவ்வைக் கிழிக்கும் மருந்து சிறுநீரகத்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேறு வழியில்லை. கிரியாட்டினின் ஏறினால் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் தேறிவிடும். அந்தச் சோதனையை அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால்தான் நீங்கள் சண்டை போட்டிருக்க வேண்டும்.