ஜின்னாவுக்கு வந்த தபால்

அவையோர் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

முகம்மது அலி ஜின்னா என்றால் மவுண்ட்பேட்டனோடு மேசையருகே உட்கார்ந்திருக்கும் படம்தான் நம் கண்முன் வரும். அந்த மேசைக்கு வந்து குவிந்த தபாலைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

மாணவர்கள் எழுதினார்கள். சிறு வியாபாரிகள், குமாஸ்தாக்கள், பெண்கள் எழுதினார்கள். வேலை கேட்டு மனு, உள்ளூர் முஸ்லிம் லீக் கிளையில் நடக்கும் சண்டை பற்றிப் புகார், பெருநாள் வாழ்த்து எல்லாம் வந்தன. 1943 ஜூலையில் பம்பாய் வீட்டுக்குள் புகுந்து ஓர் இளைஞர் அவரைக் கத்தியால் தாக்கியபோது, நலம் விசாரித்து வந்த தந்திகளும் கடிதங்களும் ஏராளம்.

1946இல் பீகார் கலவரத்துக்குப் பிறகு நிவாரண நிதிக்குப் பணம் வந்தது. அக்காலத்து மணியார்டர் படிவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் சின்னதாக ஒரு கூப்பன் இருக்கும். அனுப்புகிறவர் அதில் இரண்டு வரி எழுதலாம். பணம் பெறுகிறவர் கிழித்து வைத்துக்கொள்வார். ஏழைக்குத் தலைவரோடு பேசக் கிடைத்த இடம் அந்த அரை விரற்கடைத் தாள். ஜின்னா சிறு தொகைக்கும் ரசீது தரச் சொல்வார், தாமே கையெழுத்திடுவார் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய அரசியலோடு எனக்கு ஆழமான மாறுபாடு உண்டு. ஆனாலும் அந்தக் கையெழுத்தை நான் மதிக்கிறேன். பொதுப்பணத்தைத் தொடுகிற எவரும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

என் மனத்தை உலுக்குபவை வேறு கடிதங்கள். முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழ்ந்த மாகாணங்களிலிருந்து வந்தவை. பாகிஸ்தான் வரட்டும், எங்கள் ஊர் அதில் இல்லையே, எங்கள் கதி என்ன? 1947இல் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. கேட்டவர்கள் எதிரிகள் அல்லர். கொடி பிடித்தவர்கள், நிதி கொடுத்தவர்கள். அவர்கள் நிம்மதியாகத் தூங்கும்படியான பதில் அந்த மேசையில் இல்லை. 1947 ஆகஸ்ட் 7ஆம் தேதி தலைவர் டெல்லியிலிருந்து கராச்சிக்கு விமானம் ஏறினார். எழுதியவர்களில் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில் கட்சியை இரண்டாகப் பிரித்தது. இந்தியப் பகுதிக்குப் பொறுப்பேற்றவர் நம் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முகம்மது இஸ்மாயில் சாகிப், நாம் காயிதே மில்லத் என்று அழைப்பவர். 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் அவர் கூட்டம் கூட்டினார். லீக்கைக் கலைத்துவிடுங்கள் என்று பலர் நெருக்கிய காலம் அது. விடப்பட்டவர்களின் கேள்விக்கு இங்கேயே இருந்து பதில் சொல்ல ஒருவர் முன்வந்தார். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடியதும் அவர்தான்.

ஜின்னாவின் தாள்கள் பாகிஸ்தான் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1993 முதல் வரலாற்றாசிரியர் இசட். எச். ஜைதி அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார். இஸ்மாயில் சாகிப் 1962 தொடங்கி மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரி மக்களவைத் தொகுதியில் வென்றவர். அவருக்கு எழுதியவர்கள் நம் பாட்டன்மார். மலையாளக் கரையில் அவர்களைப் போன்றவர்கள். அவர் கைப்பட எழுதிய பதிலோ, அவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலோ உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தால், கரையான் தொடுமுன் எடுங்கள். படியெடுத்து ஒரு நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கொடுங்கள்.